ரயிலால் வரும் தரை அதிர்வைக் குறைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ரயில் பாதைக்குப் பக்கத்தில் வீடோ ஆய்வகமோ கட்டப்போகும் மனையோ வைத்திருப்பவர்களுக்கும், இந்த வேலையில் புதிதாக இறங்கியிருக்கும் இளம் பொறியாளர்களுக்கும் இதை எழுதுகிறேன். பல இடங்களில் அளந்து, தீர்வு செய்து, செய்த தீர்வு பலிக்காமல் போனதையும் பார்த்திருக்கிறேன். பலிக்காத இடங்களில் பெரும்பாலும் நல்ல பொருளைத்தான் வாங்கியிருந்தார்கள். அந்த இடத்து அதிர்வெண்ணுக்கு (விநாடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்ற எண், ஹெர்ட்ஸில் சொல்வது) அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். அதனால் கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். முதல் ஐந்து படிகளில் பணம் அதிகம் செலவாகாது. ஆறாவது படியிலிருந்துதான் செலவு.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அதிர்வை மூன்று திசையிலும் பதியும் உணரிகள் குறைந்தது மூன்று வேண்டும். தரை அசையும் வேகத்தை அளக்கும் ஜியோஃபோன் போதும், முடுக்கத்தை அளக்கும் அக்செலரோமீட்டர் என்றால் நுண்ணிய அசைவையும் பிடிக்கும் நிலநடுக்க வகை வேண்டும். கைபேசியில் வரும் செயலிகளை நம்ப வேண்டாம். மனிதருக்குத் தெரியும் அதிர்வே மிகச் சிறியது. கைபேசி உணரியின் இரைச்சலில் அது மூழ்கிப் போகும்.

கடந்து போகும் ரயில்களின் குறிப்பேடு ஒன்றும் வேண்டும். நேரம், எந்தப் பாதை, பயணிகள் ரயிலா சரக்கு ரயிலா, எத்தனை பெட்டி, வேகம் என்ன என்பதை ஒவ்வொரு ரயிலுக்கும் எழுதுங்கள். பார்க்க அற்பமாக இருக்கும் இந்தக் குறிப்பேடு இல்லாமல் மூன்றாம் படியில் ஒரு அடிகூட நகர முடியாது.

அப்புறம் அனுமதி. தண்டவாளத்தின் மீதோ ரயில்வே எல்லைக்குள்ளோ யாரும் தன்னிச்சையாகப் போகக் கூடாது. பாதையின் பக்கத்தில் தோண்டுவது கரையையே சரிய வைக்கும். ரயில்வே நிர்வாகத்துடன் கடிதப் போக்குவரத்தை முதல் நாளே தொடங்கிவிடுங்கள். பதில் வருவதற்குள் உங்கள் பங்கு வேலைகளை முடித்துவிடலாம்.

1. வருவது தரை வழியாகவா, காற்று வழியாகவா?

ஜன்னல் கண்ணாடி நடுங்கினால் உடனே தரை அதிர்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். டீசல் இன்ஜினின் தாழ்ந்த உறுமல் காற்றில் வந்தே கண்ணாடியையும் மெல்லிய கதவையும் ஆட்டும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

ஒரு உணரியை அஸ்திவாரத்தோடு ஒட்டிய சுவரின் அடியில் வையுங்கள். இன்னொன்றை ஜன்னல் சட்டத்தில் வையுங்கள். ரயில் போகும்போது அஸ்திவாரம் அமைதியாக இருந்து சட்டம் மட்டும் ஆடினால், அது காற்று வழி வரும் ஒலி. அதற்கு ஜன்னலைத்தான் சரிசெய்ய வேண்டும். இந்த வழிகாட்டி உங்களுக்கு வேண்டாம்.

இரண்டும் ஆடினால் மேலே படியுங்கள். தரை வழி வருவதிலும் இரண்டு முகம் உண்டு. சுமார் 1 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை இருப்பதை உடம்பு உணரும். சுமார் 16 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை இருப்பது சுவரையும் தளத்தையும் ஆட்டி, அறைக்குள் மந்தமான உறுமலாகக் காதில் விழும். வீட்டுக்காரரிடம் "உடம்பில் தெரிகிறதா, காதில் கேட்கிறதா?" என்று கேளுங்கள். அந்த ஒரு பதிலே பாதி வழியைக் காட்டிவிடும்.

2. சரியான இடத்தில், சரியாகப் பதித்து அளவிடுங்கள்

மூன்று இடம் அவசியம்: பாதையிலிருந்து சுமார் 8 மீட்டரில் திறந்த மண்ணில் ஒன்று, கட்டடத்தின் அஸ்திவாரத்தில் ஒன்று, தொல்லை தரும் அறையின் தளத்தில் நட்டநடுவில் ஒன்று. எட்டு மீட்டரில் போக அனுமதி இல்லையென்றால் எல்லை வேலிக்கு வெளியே, தூரத்தைக் குறித்துக்கொண்டு வையுங்கள். மூன்றும் ஒரே நேரத்தில் பதிய வேண்டும். அப்போதுதான் மண் எவ்வளவு குறைத்தது, கட்டடம் எவ்வளவு பெருக்கியது என்று பிரித்துப் பார்க்க முடியும். பல வீடுகளில் அஸ்திவாரத்துக்கு வந்தது சிறிய அதிர்வு. தளம் அதை இரண்டு மூன்று மடங்காக்கியிருக்கும். தளத்தில் மட்டும் அளந்தவருக்கு இது தெரியவே தெரியாது.

உணரியைப் பதிப்பதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கம்பளத்தின் மேலும், ஆடும் டைல்ஸ் மேலும், உழுத மண்ணின் மேலும் வைத்துவிடுகிறார்கள். அப்போது உணரி தன் ஆட்டத்தைத்தான் அளக்கும். மண்ணில் என்றால் புல்லையும் மேல்மண்ணையும் நீக்கி, கெட்டியான அடுக்கில் இறுகும்படி முளையை இறக்கி அதன் மேல் பொருத்துங்கள். உள்ளே என்றால் வெறும் தளத்தில் மெழுகோ பசையோ இட்டு ஒட்டுங்கள்.

ஜியோஃபோனின் இயல்பு அதிர்வெண்ணை, அதாவது தட்டிவிட்டால் அது தானாக ஆடும் அதிர்வெண்ணை, பாருங்கள். பரவலாகக் கிடைப்பது 4.5 ஹெர்ட்ஸ் வகை. அதற்குக் கீழே அதன் வெளியீடு வேகமாகச் சரியும். திருத்தம் செய்யாமல் விட்டால், மென்மையான மண்ணில் முக்கியமான 3, 4 ஹெர்ட்ஸ் அதிர்வு காணாமல் போன மாதிரி தோன்றும்.

ஒரு ரயிலை அளந்துவிட்டு அறிக்கை எழுதாதீர்கள். ஒவ்வொரு வகை ரயிலிலும் பல கடப்புகள் வேண்டும். ஒரே பாதையில், ஒரே வேகத்தில், ஒரே வகை ரயில்களுக்குள்ளேயே சக்கரத்தின் நிலையைப் பொறுத்து பெரிய வித்தியாசம் வரும். இரவையும் சேருங்கள், சரக்கு ரயில்கள் பல இடங்களில் இரவில்தான் அதிகம். ரயில் இல்லாத நேரத்தின் பின்னணியையும் பதிவு செய்யுங்கள். தெருவில் போகும் லாரியும், வீட்டுத் தண்ணீர் மோட்டாரும் ரயிலின் கணக்கில் ஏறிவிடக் கூடாது.

எல்லா ரயிலையும் கூட்டி ஒரே சராசரி எடுப்பது இன்னொரு பெரிய பிழை. தூக்கத்தைக் கெடுப்பது சராசரி ரயில் இல்லை. மோசமான ரயில்கள் எவை, அவை ஏன் மோசம் என்பதுதான் கேள்வி. சராசரி அதை மறைத்துவிடும்.

3. அதிர்வெண்ணைப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் இரண்டு முறை படிக்க நேரம் இருந்தால், இதைப் படியுங்கள்.

அடிப்படைக் கணக்கு எளிது. ரயிலின் வேகத்தை, மேடுபள்ளத்தின் நீளத்தால் வகுத்தால் அதிர்வெண் கிடைக்கும். மணிக்கு 72 கி.மீ. என்பது விநாடிக்கு 20 மீட்டர். அந்த வேகத்தில் 0.6 மீட்டருக்கு ஒன்றாக இருக்கும் ஸ்லீப்பர்கள் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகள்) 33 ஹெர்ட்ஸ் தரும். ஒரு போகியின் (பெட்டிக்கு அடியில் சக்கர அச்சுகளைத் தாங்கும் சட்டம்) இரண்டு அச்சுகளுக்கு இடையே 2.5 மீட்டர் என்றால் 8 ஹெர்ட்ஸ். 92 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.9 மீட்டர், அதில் ஒரு குறை இருந்தால் விநாடிக்கு ஏறக்குறைய 7 தட்டு. தண்டவாளத்தின் மேல் 5 செ.மீ. இடைவெளியில் அலையலையாகத் தேய்ந்திருந்தால் 400 ஹெர்ட்ஸ்.

இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். "தண்டவாளத்தைத் தேய்த்துச் சமப்படுத்தினால் அதிர்வு நின்றுவிடும்" என்று பலர் நம்புகிறார்கள். வழக்கமான தேய்ப்பு சில சென்டிமீட்டர் நீளமுள்ள அலைத்தேய்வை நீக்கும். அது ஒலியைக் குறைக்கும். 10 ஹெர்ட்ஸில் உங்கள் கட்டிலை ஆட்டுவது 2 மீட்டர் நீளமுள்ள மேடுபள்ளம். தேய்ப்பு அதைத் தொடவே தொடாது. அதற்கு ஜல்லியை இறுக்கிப் பாதையின் மட்டத்தைத் திருத்த வேண்டும்.

இப்போது குறிப்பேட்டை எடுங்கள். ஒரே வகை ரயில்களை வேக வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றின் அதிர்வெண் வரைபடத்தையும் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்று காட்டுவது) ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள். வேகம் கூடும்போது உச்சமும் மேலே நகர்கிறதா? அப்படியானால் அது ஸ்லீப்பர், சக்கரம், அச்சு போன்ற ஏதோ ஒரு நீளத்தின் வேலை. வகுத்துப் பார்த்தால் எந்த நீளம் என்று தெரிந்துவிடும். வேகம் எப்படி மாறினாலும் உச்சம் அதே இடத்தில் நிற்கிறதா? அப்படியானால் ஏதோ ஒன்று தன் இயல்பு அதிர்வெண்ணில் ஒத்ததிர்கிறது.

நிற்கும் உச்சம் யாருடையது என்று பார்க்க, மூன்று இடத்துப் பதிவுகளையும் ஒப்பிடுங்கள். அறையின் தளத்தில் மட்டும் இருந்தால் தளத்தின் வேலை. ரயில் இல்லாதபோது அறை நடுவில் குதிகாலை உயர்த்திச் சட்டென்று விட்டுப் பாருங்கள். தளம் தன் இயல்பு அதிர்வெண்ணில் ஆடும், அதோடு ஒப்பிட்டு உறுதி செய்யலாம். மரத்தளங்கள் சுமார் 10 முதல் 20 ஹெர்ட்ஸ் வரையிலும், கான்கிரீட் தளங்கள் அதைவிடச் சற்று மேலேயும் ஆடுவது வழக்கம். திறந்த மண்ணிலும் அதே உச்சம் இருந்தால் மண் அடுக்கின் வேலை. பாதைக்கு அருகில் 40 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் நிற்கும் உச்சம் இருந்தால், சக்கரத்தின் எடையும் பாதையின் மீள்தன்மையும் சேர்ந்து ஆடுவதாக இருக்கலாம்.

நேரப் பதிவையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு அச்சும் கடக்கும்போது ஒரு தட்டு விழுந்தால், உங்களுக்கு நேர் எதிரே தண்டவாளத்தில் இணைப்போ, பாயிண்டோ (பாதை பிரியும் இடம்), மோசமான வெல்டிங்கோ இருக்கிறது. ரயிலின் மற்றப் பெட்டிகள் அமைதியாகப் போய், ஒரு பெட்டி மட்டும் விநாடிக்கு ஆறேழு முறை சீராகத் தட்டிக்கொண்டே கடந்தால் அது தட்டையான சக்கரம், அதாவது ஓரிடத்தில் தட்டையாகத் தேய்ந்தது. முதலாவதற்குப் பாதையைச் சரிசெய்ய வேண்டும். இரண்டாவதற்குப் பெட்டியைப் பணிமனைக்கு அனுப்ப வேண்டும். இந்த வேறுபாட்டைக் காட்டும் ஒரு படத்தோடு நிர்வாகத்திடம் போனால் பேச்சே வேறு மாதிரி நடக்கும். வெறும் "வீடு ஆடுகிறது" என்ற புகாருக்கு அவர்களாலும் எதுவும் செய்ய முடியாது.

4. எவ்வளவு குறைய வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

இலக்கு இல்லாமல் தீர்வு தேடினால், கிடைத்தது போதுமா என்று யாருக்கும் தெரியாது.

முதலில் பயத்தைத் தனியாக வையுங்கள். "வீடு இடிந்துவிடுமா?" என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வி. ஜெர்மனியின் டின் 4150 தரம், அதன் மூன்றாம் பகுதியில், சாதாரணக் குடியிருப்புகளின் அஸ்திவாரத்துக்குத் தாழ்ந்த அதிர்வெண்களில் விநாடிக்கு 5 மி.மீ. உச்ச வேகத்தை வழிகாட்டும் அளவாகச் சொல்கிறது; அது குறுகிய நேர அதிர்வுக்கு. மனிதருக்கு உணர்வு தொடங்குவதோ விநாடிக்கு ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அளவில். தெளிவாக உணரும் அதிர்வுக்கும் விரிசல் விழும் அதிர்வுக்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு. விரிசலுக்குப் பெரும்பாலும் அஸ்திவாரம் இறங்குவது, ஈரம் ஏறி இறங்குவது போன்ற வேறு காரணம் இருக்கும். அதையும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

தொந்தரவுக்கான அளவு வேறு. அமெரிக்காவின் பொதுப்போக்குவரத்துத் துறை 2018-ல் வெளியிட்ட கையேடு, நாளுக்கு 70-க்கு மேல் ரயில் போகும் இடத்தில் வீடுகளுக்கு 72 டெசிபல் என்றும், 30-க்குக் குறைவாகப் போகும் இடத்தில் 80 டெசிபல் என்றும் வைக்கிறது. 72 என்பது விநாடிக்கு சுமார் 0.1 மி.மீ. சராசரி வர்க்கமூல வேகம் (RMS, ஆட்டத்தின் ஒருவகைச் சராசரி). உங்கள் நாட்டுத் தரம் எதுவோ அதையே எடுங்கள். இரண்டு தரங்களை மட்டும் கலக்காதீர்கள்.

கலப்பதால் வரும் குழப்பம் சாதாரணமானதல்ல. மேலே சொன்ன டெசிபல், விநாடிக்கு ஒரு மைக்ரோ அங்குலத்தை அடிப்படையாகக் கொண்டது. வேறு சில அறிக்கைகள் விநாடிக்கு ஒரு நானோமீட்டரை அடிப்படையாக வைக்கும். அதே அதிர்வுக்கு இரண்டுக்கும் 28 டெசிபல் வித்தியாசம் வரும். உச்ச வேகமும் சராசரி வர்க்கமூல வேகமும் ஒன்றல்ல. எண்ணோடு அலகு, அடிப்படை, உச்சமா சராசரியா என்ற மூன்றையும் எழுதாத அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்.

பிறகு தேவையைக் கணக்கிடுங்கள். 6 டெசிபல் குறைந்தால் அதிர்வு பாதி. 10 குறைந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. 20 குறைந்தால் பத்தில் ஒன்று. தேவை 4 டெசிபல் என்றால் பராமரிப்பே போதுமாக இருக்கலாம். 15 என்றால் பாதையையோ கட்டடத்தையோ பெரிதாகத் தொட வேண்டும். எந்த அதிர்வெண் பட்டையில் இந்தக் குறைவு வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

5. மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

மண்ணில் மேற்பரப்பை ஒட்டி ஓடும் ராலே அலைதான் தூரத்துக்கு அதிர்வைச் சுமந்து வருகிறது. அதன் வேகம் மென்மையான களிமண்ணில் விநாடிக்கு 100 மீட்டர் அளவிலோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். கெட்டி மண்ணில் 300 மீட்டரைத் தாண்டும். இந்த எண் தெரியாமல் 9-வது படியில் அகழியின் ஆழத்தைச் சொல்லவே முடியாது.

உணரிகளை வரிசையாக வைத்து, கனமான சுத்தியலால் தரையில் அடித்து, அலை போய்ச் சேரும் நேரத்தை அளந்தால் வேகம் கிடைக்கும். கூடவே, ஒவ்வொரு அதிர்வெண்ணும் தூரத்தோடு எவ்வளவு குறைகிறது என்பதையும் பார்க்கலாம். பொதுவாக உயர்ந்த அதிர்வெண் சீக்கிரம் மறையும். தாழ்ந்தது தூரம் போகும். பாதை ஓரத்தில் 60 ஹெர்ட்ஸ் பலமாக இருந்தாலும் 50 மீட்டர் தள்ளி வெறும் 8 ஹெர்ட்ஸ் மட்டும் மிஞ்சலாம். அதனால் தீர்வை வீட்டில் இருக்கும் அதிர்வெண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், பாதை ஓரத்தில் இருப்பதைப் பார்த்து அல்ல.

மண் மிக மென்மையாகவும் ரயில் மிக வேகமாகவும் இருந்தால் தனி ஆபத்து. ரயிலின் வேகம் மண்ணின் அலை வேகத்தை நெருங்கினால் பாதையின் அசைவே பலமடங்காகும். ஸ்வீடனில் லெட்ஸ்கோர்ட் என்ற இடத்தில், மென்மையான கரிமக் களிமண்ணின் மேல் எக்ஸ்2000 ரயில்கள் மணிக்கு 200 கி.மீ. அளவில் ஓடியபோது இதுதான் நடந்தது. அங்கே பாதைக்கு அடியில் சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்த தூண்களை மண்ணுக்குள் உருவாக்கி மண்ணைக் கெட்டியாக்கினார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ரப்பர் விரிப்பு எதுவும் உதவாது. மண்ணையே மாற்ற வேண்டும்.

6. முதலில் பராமரிப்பு: சக்கரமும் பாதையும்

புதிதாக எதையும் சேர்ப்பதற்கு முன், கெட்டிருப்பதைச் சரிசெய்யச் சொல்லுங்கள். மேலே சொன்ன அமெரிக்கக் கையேட்டின் ஆரம்பநிலைக் கணக்கில், தேய்ந்த அல்லது தட்டையான சக்கரத்துக்கு 10 டெசிபலும், பாயிண்ட் போன்ற அமைப்புக்கு 10 டெசிபலும் கூட்டச் சொல்கிறார்கள். பெரும் செலவில் போடும் விரிப்பு ஒன்று தரும் பலனும் ஏறக்குறைய அந்த அளவுதான். கெட்ட பாதையின் அடியில் விரிப்பைப் போட்டால், கிடைத்த பலனைக் கெட்ட சக்கரம் தின்றுவிடும்.

தண்டவாள இணைப்பு இருந்தால் வெல்டிங் செய்து தொடர் தண்டவாளமாக்க வேண்டும். வெல்டிங் செய்த இடம் சற்றே தாழ்ந்து நின்றாலும் அது புதிய இணைப்பு மாதிரியே தட்டும்; அதை நேர்கோல் வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பாயிண்டின் குறுக்குப் பகுதியில் சக்கரம் ஒரு இடைவெளியைத் தாண்டுகிறது. அந்த இடைவெளியை மூடும் அசையும் மூக்கு வகையைப் போடலாம். புதிய பாதை என்றால் பாயிண்டையே வீடுகளை விட்டுத் தள்ளி வைக்கச் சொல்லலாம். பாயிண்டை நகர்த்துவது திட்ட வரைபடத்தில் ஒரு கோடு. போட்ட பிறகு நகர்த்துவது பெரும் வேலை.

ஜல்லியைப் பாருங்கள். ஸ்லீப்பரின் ஓரத்தில் வெள்ளைத் தூள் படிந்திருந்தால், அந்த ஸ்லீப்பர் ஜல்லியில் உட்காராமல் தொங்குகிறது. ஒவ்வொரு அச்சும் அதை அழுத்தி ஜல்லியைப் பொடியாக்குகிறது. சேறு மேலே பீறிட்டிருந்தால் வடிகால் கெட்டிருக்கிறது. பாலத்தின் வாசலிலும் சிறு மதகுகளின் மேலும் இது அடிக்கடி வரும், ஏனென்றால் அங்கே அடித்தளத்தின் கெட்டித்தன்மை திடீரென்று மாறுகிறது. வடிகாலைச் சரிசெய்யாமல் ஜல்லியை மட்டும் இறுக்கினால் சில மாதங்களில் பழைய நிலைக்கே திரும்பும். வரிசை இதுதான்: வடிகால், ஜல்லியைச் சுத்தம் செய்தல், பிறகு இறுக்கி மட்டம் திருத்துதல்.

சக்கரத்துக்கு, பாதை ஓரத்தில் பொருத்தும் தாக்கு உணரிகள் எந்தப் பெட்டியின் எந்தச் சக்கரம் தட்டுகிறது என்று காட்டிவிடும். அந்தச் சக்கரத்தைக் கடைந்து வட்டமாக்கினால் அந்தப் பாதை முழுவதுக்கும் பலன்.

7. பாதைக்கு அடியில் மீள்தன்மை சேர்ப்பது

தண்டவாளத்துக்கு அடியில் மெத்து, ஸ்லீப்பருக்கு அடியில் மெத்து, ஜல்லிக்கு அடியில் விரிப்பு, கடைசியாக மிதக்கும் கான்கிரீட் பலகை. கீழே போகப் போக மேலே ஆடும் எடை கூடுகிறது. எடை கூடினால் இயல்பு அதிர்வெண் இறங்குகிறது. எல்லாவற்றுக்கும் விதி ஒன்றே: அமைப்பின் இயல்பு அதிர்வெண்ணைப்போல் 1.4 மடங்குக்கு மேலேதான் தடுப்பு தொடங்கும். இயல்பு அதிர்வெண்ணிலேயே அதிர்வு முன்பைவிடக் கூடும்.

இதை மறந்தவர்களின் வேதனையை நேரில் பார்த்திருக்கிறேன். ஜல்லி விரிப்புகள் பொதுவாக 30, 40 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் உதவும். வீட்டில் இருப்பது 20 ஹெர்ட்ஸ் என்றால், விரிப்பு போட்ட பிறகு உறுமல் குறைந்து, உடம்பில் உணரும் ஆட்டம் சற்றே கூடிப்போகும். வீட்டுக்காரர்கள் சொல்வதை அப்போது யாரும் நம்ப மாட்டார்கள். அவர்கள் சொல்வது சரிதான்.

தாழ்ந்த அதிர்வெண் என்றால் மிதக்கும் பலகைதான். ரப்பர் தாங்கிகளில் சுமார் 8 முதல் 16 ஹெர்ட்ஸ் வரையிலும், எஃகுச் சுருள்வில்லில் 5 ஹெர்ட்ஸ் அளவு வரையிலும் இயல்பு அதிர்வெண்ணை இறக்கலாம். விலை அதிகம். ஓடும் பாதையில் பின்னால் சேர்ப்பது மிகக் கடினம். சுரங்கப் பாதைகளில் கட்டும்போதே போடுகிறார்கள்.

விற்பவரிடம் ஒரே ஒரு எண்ணை வாங்காதீர்கள். "15 டெசிபல் குறைக்கும்" என்றால் எந்தப் பட்டையில், எந்த மண்ணில், எந்த அச்சுச் சுமையில் என்று கேளுங்கள். மூன்றில் ஒரு பங்கு ஆக்டேவ் (1/3 octave) என்னும் குறுகிய அதிர்வெண் பட்டைகளில் குறைப்பு வரைபடம் கேட்டு வாங்கி, மூன்றாம் படியில் நீங்கள் வரைந்த வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

8. வேகத்தைக் குறைப்பது

வேகம் பாதியானால் தோராயமாக 6 டெசிபல் குறையும் என்று ஆரம்பக் கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம். தட்டையான சக்கரமும் இணைப்பும் இருக்கும்போது இந்தக் கணக்கு சரியாக வராது. உச்சங்கள் எல்லாம் கீழே நகரும் என்பதையும் மறக்க வேண்டாம். நகர்ந்த உச்சம் தளத்தின் இயல்பு அதிர்வெண்ணில் போய் நின்றால் மெதுவாகப் போகும் ரயில் அதிகமாக ஆட்டும். ஆட்டம் நீடிக்கும் நேரமும் கூடும். தற்காலிக நிவாரணமாக, சரக்கு ரயிலுக்கு மட்டும் இரவில் கேட்பது நடைமுறையில் ஒத்துவரும்.

9. வழியில் தடுப்பது: அகழியும் சுவரும்

பாதைக்கும் வீட்டுக்கும் நடுவே ஓர் அகழி வெட்டினால் அலை அதைத் தாண்டாது என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆழம் போதுமானால் உண்மையும்கூட. 1968-ல் ரிச்சர்ட் வுட்ஸ் நடத்திய களச் சோதனைகளிலிருந்து வந்த விதி, மூலத்துக்கு அருகில் வெட்டும் அகழி அலைநீளத்தில் 0.6 பங்காவது ஆழம் இருக்க வேண்டும் என்கிறது. தள்ளி வெட்டினால் இன்னும் ஆழம் வேண்டும்.

அலை வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம். விநாடிக்கு 100 மீட்டர் மண்ணில் 20 ஹெர்ட்ஸுக்கு 5 மீட்டர். 3 மீட்டர் அகழி போதும். அதே மண்ணில் 5 ஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர். 12 மீட்டர் ஆழம் தோண்ட வேண்டும். 300 மீட்டர் மண்ணில் 20 ஹெர்ட்ஸுக்கே 9 மீட்டர். ஒன்றரை மீட்டர் பள்ளம் வெட்டி, பலன் இல்லையே என்று கேட்டவர்களிடம் இந்த மூன்று வரியைத்தான் எழுதிக் காட்டினேன்.

திறந்த அகழி நிற்காது. மழையில் கரை சரியும், தண்ணீர் நிறையும். அதனால் மென்மையான நுரைப் பலகையால் நிரப்புவார்கள், அல்லது எஃகுத் தகட்டு முளைகளை இறக்கி விறைப்பான சுவராக்குவார்கள். விறைப்பான சுவர் மென்மையான மண்ணில்தான் நன்றாக வேலை செய்யும். கெட்டி மண்ணில் மண்ணுக்கும் சுவருக்கும் வித்தியாசம் குறைவு. நீளத்திலும் கஞ்சத்தனம் கூடாது. கட்டடத்தின் அகலத்துக்கு மட்டும் வெட்டினால், பாதையின் இரு பக்க நீட்சியிலிருந்தும் அலை ஓரமாகச் சுற்றி வரும். இரு பக்கமும் நன்றாகத் தாண்டிப் போக வேண்டும்.

ஒலித் தடுப்புச் சுவர், மர வரிசை, சாதாரண மதில் ஆகியவை தரை அதிர்வுக்கு உதவாது. மரம் நடுங்கள், வேறு நன்மைகளுக்காக.

10. கட்டடத்தில் செய்யக்கூடியவை

இருக்கும் வீட்டில், உச்சம் தளத்தின் இயல்பு அதிர்வெண் என்று உறுதியானால் தளத்தை விறைப்பாக்கி அதை மேலே தள்ளலாம். முதலில் பாருங்கள்: தள்ளிய இடத்தில் ரயிலின் வேறொரு உச்சம் காத்திருக்கிறதா? உதாரணமாக, 15 ஹெர்ட்ஸ் தளத்தை 33-க்குக் கொண்டுபோய் ஸ்லீப்பர் அதிர்வெண்ணின் வாயில் நிறுத்தக் கூடாது. இடம் ஒத்துழைக்காவிட்டால், தளத்தின் அதிர்வெண்ணுக்கே இசைவித்த எடை ஒன்றை, ஆட்டத்தை அடக்கும் தணிப்பானோடு தொங்கவிடலாம்.

செலவில்லாத வழியும் உண்டு. தளத்தின் நடுவில் இருக்கும் கட்டிலைச் சுவரோரம் நகர்த்துங்கள். நடுவில்தான் ஆட்டம் அதிகம். பாத்திரம், கண்ணாடி அலமாரி, தளர்ந்த கதவு ஆகியவற்றின் சலசலப்பை நிறுத்துங்கள். சலசலப்பு கேட்டால் அதே அதிர்வு பெரிதாகத் தோன்றும். முதியவர்களும் குழந்தைகளும் தூங்கும் வீட்டில் இந்தச் சிறு மாற்றத்துக்கே மதிப்பு அதிகம்.

புதுக் கட்டடம் என்றால் அஸ்திவாரத்துக்கும் மேல்கட்டுமானத்துக்கும் நடுவே தாங்கிகள் வைக்கலாம்: ரப்பரில் சுமார் 8 முதல் 12 ஹெர்ட்ஸ், எஃகுச் சுருள்வில்லில் 3 முதல் 5 ஹெர்ட்ஸ். சுமையால் தாங்கி எவ்வளவு அமுங்குகிறது என்பதிலிருந்தே தோராயமாகக் கணக்கிடலாம், 10 மி.மீ. அமுங்கினால் சுமார் 5 ஹெர்ட்ஸ், 1 மி.மீ. மட்டும் அமுங்கினால் சுமார் 16.

இந்த வேலை கெடுவது எப்போதும் ஒரே வழியில்தான். தாங்கிகளைச் சுற்றி விட்ட இடைவெளியில் கான்கிரீட் சிதறல், பலகைத் துண்டு, செங்கல் விழுந்து இரு பக்கத்தையும் இணைத்துவிடும். பிறகு ஒரு குழாயோ, படிக்கட்டோ, மின்குழாயோ விறைப்பாகக் குறுக்கே போகும். ஒரு இடத்தில் இணைந்தாலும் அதிர்வு அந்த வழியே மேலே ஏறும். இடைவெளியை மூடும் முன், டார்ச் அடித்து அங்குலம் அங்குலமாகப் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். குழாய்களுக்கு வளையும் இணைப்பு போடுங்கள்.

11. முடிந்த பின் அதே இடத்தில் அளவிடுங்கள்

முதல் அளவீட்டில் முளை இறக்கிய இடங்களைப் பெயின்டால் குறித்து, படம் எடுத்து வையுங்கள். வேலை முடிந்த பின் அதே இடம், அதே கருவி, அதே வகை ரயில்கள், முடிந்தால் அதே பருவம். மழைக்காலத்து ஈர மண்ணும் கோடைக்காலத்து வறண்ட மண்ணும் ஒரே மாதிரி அதிர்வைக் கடத்தாது. உறைந்த மண் இன்னும் வேறு. பருவம் மாறினால், தீர்வு செய்யாத பக்கத்தில் ஓர் உணரியை ஒப்பீட்டுக்கு வையுங்கள்.

பாதையில் வேலை நடந்திருந்தால் உடனே அளப்பதோடு நிறுத்தாதீர்கள். புதிதாக இறுக்கிய ஜல்லி ரயில்கள் ஓட ஓட அமரும். முதல் வாரத்தில் ஒரு முறை, ஆறு மாதம் கழித்து ஒரு முறை அளந்து, இரண்டு வரைபடங்களையும் பழைய வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். வடிகாலைச் சரியாகச் செய்யாத இடம் அந்த இரண்டாவது வரைபடத்தில் தெரிந்துவிடும்.